தண்ணீரில் போட்ட பை

என் வாய் நல்ல வாய் இல்லை. வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், சிவகாசிப் பக்கம் நான் போர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் கேட்டாலும் சொல்வார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. வெடிமருந்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போர்மேன் மெதுவாகப் பேசினால் எவன் காதில் விழும்? காலையில் கேட்டிலேயே ஆரம்பித்துவிடுவேன். செருப்பைக் கழற்று, போனைக் குடு, வளையலைக் கழற்று. எங்கள் கம்பெனிச் சட்டைக்குப் பாக்கெட்டே கிடையாது. பீடியோ தீப்பெட்டியோ மறதியாகக்கூட உள்ளே வந்துவிடக் கூடாது என்று அப்படித் தைத்திருக்கிறார்கள். போர்மேன் சட்டைக்கும் கிடையாது.

திங்கட்கிழமை காலை, வேலை ஆரம்பிக்கும் முன்பு, எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசுவேன். பேசுவேன் என்ன, கத்துவேன். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கதையில்தான் முடிப்பேன். ஒரு ஆள், வேறு கம்பெனிக்காரன், வீட்டில் வைத்துச் செய்வதற்காக மிச்ச வெடிமருந்தைப் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு போனான். ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டது. முட்டியில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். ஓடிவந்தவர்கள் அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சூடான சைலன்சர் மேல் கிடந்த பையை ஒருவரும் பார்க்கவில்லை. சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் பை வெடித்து ஆள் போய்விட்டான்.

"அதனால என்ன செய்யணும்?" என்று கேட்பேன்.

"மொதல்ல பையத் தூக்கித் தண்ணியில போடணும், அப்புறந்தேன் ஆளப் பாக்கணும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற ராகம் அதில் இருக்கும். எனக்கு அதில் ஒரு திருப்தி.

இவ்வளவு கத்துகிற எனக்கு ஒரே ஒரு பயம். குளவி.

முதல் தடவை கொட்டியது மல்லாங்கிணற்றில், என் மனைவியின் அண்ணன் வீட்டு விசேஷத்தில். பந்தியில் உட்கார்ந்து கையைக் கழுவும்போது விரலில் கொட்டியது. குளவிக் கடிதானே, சுண்ணாம்பைத் தடவு என்றார்கள். சுண்ணாம்பு காய்வதற்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, இலையில் சோறு போட்டவர் மேலேயே சாய்ந்துவிட்டேன். காரில் அள்ளிப் போட்டு விருதுநகருக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்தேன். அந்த டாக்டரம்மாவின் வாய் என் வாயைவிட மோசம். "அடுத்த தடவ இதவிடச் சீக்கிரமா தொண்ட அடைக்கலாம். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனைக்காதீங்க" என்று சொல்லி, அட்ரினலின் என்கிற மருந்து உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியையும் ஊசியையும் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். பாதிக் குப்பியை உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம், பேண்டோடு சேர்த்தே குத்த வேண்டும். குத்திவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நானும் என் மனைவியும் அன்றைக்குச் சாயங்காலம் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரால் குத்திப் பழகினோம். அந்தக் கத்தரிக்காயை அவள் குழம்பில் போட்டுவிட்டாள் என்று மறுநாள் ஒரு சண்டை.

வண்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தால் எங்கள் ஊர் வெயிலுக்கு மருந்து வெந்துபோகும். அதனால் ஊசியையும் குப்பியையும் பாலிதீனில் சுற்றி ஒரு சின்னப் பிளாஸ்க்கில் போட்டு, சோத்துப் பையில் வைத்துக்கொள்வேன். வேலை நேரத்தில் பை கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேனுக்கும் மேனேஜருக்கும் விஷயம் தெரியும். வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு அறையில் குளவி கூடு கட்டியிருந்தால் ஆள் வைத்து அதை எடுக்கும்வரை போர்மேன் அந்தப் பக்கமே வரமாட்டார் என்பதுதான். "கத்துறது அம்புட்டு, குளவியக் கண்டா ஓடுறது இம்புட்டு" என்று என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன தீபாவளி சீசன் உச்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அலுமினியப் பவுடர் டப்பா ஒன்றை மூடி இறுகிக்கொண்டது என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் திறந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளி பூசியது மாதிரி ஆகிவிட்டேன். குளிக்காமல் ஒருவரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அன்றைக்கென்று தொட்டி மோட்டார் ரிப்பேர். ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர்தான் கிடைத்தது. கையை மட்டும் கழுவிக்கொண்டு, வீட்டில் போய்க் குளிக்கலாம் என்று பையை வாங்கி ஹேண்டில் கம்பியில் மாட்டி வண்டியை எடுத்துவிட்டேன். பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் எனக்குப் பின்னால் கிளம்பும்.

ஆனைக்குட்டம் போகிற பாதை. முந்தின வாரம் பெய்த மழையில் ரோட்டோரக் குட்டைகள் நிறைந்து கிடந்தன. ஹெல்மெட்டுக்குள் வேர்வையும் பவுடரும் சேர்ந்து பிசுபிசு என்று இருந்ததால் முன் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தேன். எதுவோ கன்னத்தில் பொத்தென்று மோதியது. அடுத்த நொடி காதுக்கும் கன்னத்துக்கும் நடுவில், ஹெல்மெட்டுக்குள்ளே, றெக்கை அடிக்கிற சத்தம்.

அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது. காதின் கீழே ஒரு கொட்டு. கை தானாக ஹேண்டிலை விட்டு மேலே போகப் பார்த்தது. முன்னால் பேப்பர் ரீல் ஏற்றிய லாரி. கையை விட்டால் லாரிக்கு அடியில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மெதுவாக அமுக்கினேன். கழுத்தில் இன்னொரு கொட்டு. ஓரம் கட்டி ஸ்டாண்டைப் போட்டு ஹெல்மெட்டைக் கழற்றி வீசும்போது, "போச்சுடா" என்று வாய்விட்டே சொன்னேன்.

பதறாதே, ஊசி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். உள்ளங்கை இரண்டும் நெருப்பாக அரித்தன. விரல்கள் பருத்து, பையின் ஜிப்பைப் பிடிக்க வரவில்லை. பிடித்து இழுத்தால் பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. நாக்கு வாய்க்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. பல்லால் ஜிப்பைக் கடித்து இழுக்கலாம் என்று குனிந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்து, பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று விழுந்தோம்.

நினைவு முழுதாகப் போகவில்லை. அதுதான் கொடுமை. எல்லாம் கேட்டது.

வேன் வந்து நின்றது. "ஏ, போர்மேன் அண்ணாச்சி வண்டிடி!" என்று ஒரு குரல். தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்கள். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர், முகம் ரத்தச் சிவப்பு, கண் ரெண்டும் வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஒருத்தன் ரோட்டில் கிடந்தால் எங்கள் ஊரில் யார் என்ன நினைப்பார்கள்? வெடிமருந்தில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அவர்களும் அதைத்தான் நினைத்தார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் என்னிடம் வரவில்லை. திரி செருகுகிற அறையில் வேலை பார்க்கிறவள். நாற்பது வயதிருக்கும், முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அவள் நேராகப் பையிடம் ஓடினாள். பாதி மூடிய என் கண்ணுக்கு அவள் குனிந்து எடுப்பது தெரிந்தது. வேண்டாம் என்று கத்தினேன். தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அவள் பையை ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டோரக் குட்டையின் நடுவில் எறிந்தாள். எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தாள். மற்றவர்களும் படுத்தார்கள். பை குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. என் ஊசி, மருந்து, போன் எல்லாம் அதோடு போயின.

எவ்வளவு அழகாகச் செய்தாள் தெரியுமா? நான் சொல்லிக் கொடுத்தது மாதிரியே, ஒரு நொடி வீணாக்காமல். அந்த நிலைமையிலும் எனக்கு அது உறைத்தது. அட பாவி மகளே என்று மனசு கதறியது.

வெடிக்கவில்லை என்றதும் எழுந்து வந்தார்கள். டிரைவர் நடுரோட்டில் நின்று வண்டிகளை மறித்தான். ஒருத்தி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். இன்னொருத்தி, வேடிக்கை பார்க்க நின்றவனின் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டாள். என்னைச் சமமாகப் படுக்க வைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, தீக்காயக்காரனுக்கு.

நான் கையைத் தூக்கிக் குட்டையைக் காட்டினேன்.

"தண்ணி கேக்காரு!"

"ஏ குடுத்துராதீக! தீப்பட்டவுகளுக்குக் குடிக்கத் தண்ணி ஆகாது!"

தலையை ஆட்டினேன். மறுபடியும் குட்டையைக் காட்டினேன்.

"ஒடம்பு எரியுது போல. ஊத்துங்கடி, மேல ஊத்துங்க!"

வேனில் இருந்த கேன் தண்ணீர், சோத்து வாளித் தண்ணீர், எல்லாவற்றையும் என் மேல் கொட்டினார்கள். மூக்கில் ஏறியது. ஏற்கனவே ஊசிக்காது அளவுக்குத்தான் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது, அதிலும் தண்ணீர். என்னைக் கொல்கிறார்கள், அழுதுகொண்டே கொல்கிறார்கள் என்று நினைத்தேன். என் மனைவி சாயங்காலம் வாசலில் நிற்பாள், மறுநாள் இருக்கன்குடி கோயிலுக்குப் போக எல்லாம் எடுத்து வைத்திருப்பாள். அவளிடம் யார் போய், என்னவென்று சொல்வார்கள்? தீப்பிடித்துச் செத்தான் என்றா? எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டியது. மூன்றாவது முறையும் குட்டையைக் காட்டினேன். இன்னொரு வாளி வந்தது.

அந்தத் தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றியது. அவர்கள் ஊற்ற ஊற்றப் பவுடர் கழுவிக்கொண்டு ஓடியது. பை எறிந்தவள் என் பக்கத்தில் முழங்கால் போட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். தோலை விரலால் தடவினாள்.

"ஏ நிறுத்துங்கடி. இது தீப்பட்ட தோலு இல்ல. கொப்புளமும் இல்ல, உரியவும் இல்ல. தடிச்சிருக்கு."

"ஒரு கருகல் வாடையும் இல்லையேக்கா" என்றாள் இன்னொருத்தி.

அதற்குள் ஒருத்தி என் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்பஞ்சில் நசுங்கிப்போய் அது இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. "அக்கா, குளவி!"

என் முதுகுக்குப் பின்னால் சிரித்ததெல்லாம் அப்போது அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "யாத்தே, பயப்படுறாருன்னு சிரிச்சோமே" என்று யாரோ விம்மினார்கள். அவள் என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அண்ணாச்சி, பையிலயா? ஊசி, மாத்திர ஏதும் பையில இருக்கா?"

கண்ணை மூடித் திறந்தேன். அதுமட்டும்தான் முடிந்தது.

அவள் சேலையைத் தூக்கிக்கூடச் செருகவில்லை. அப்படியே குட்டைக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. முங்கினாள். வெறுங்கையோடு வந்தாள். மறுபடி முங்கினாள். கரையில் நின்றவர்கள் "இங்கனக்கா, அந்தப் பக்கம், அங்கனதேன் விழுந்துச்சு" என்று கத்தினார்கள். எனக்கு அந்தச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் என் தாடையைப் பிடித்து ஆட்டி, "அண்ணாச்சி, கண்ண மூடாதீக, ஒரு கெட்ட வார்த்தையாச்சும் வையுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினான்.

மூன்றாவது முங்கில் பையோடு வந்தாள். சேறு வழிய ஓடிவந்து, ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, துணியையே கிழித்தாள். பிளாஸ்க், அதற்குள் பாலிதீன், அதற்குள் கண்ணாடிக் குப்பி, அட்டையோடு ஒட்டிய ஊசி. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. நான் கடைசித் தெம்பைக் கூட்டி, பருத்த விரலால் குப்பியின் கழுத்தை உடைப்பதுபோலச் சைகை காட்டினேன். உடைத்தாள். உறிஞ்சினாள். பாதி வந்ததும் அவள் மணிக்கட்டைத் தட்டினேன், நிறுத்தினாள். என் தொடையில் அறைந்து காட்டினேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஊசின்னாலே பயம்" என்றாள். ஊசியை என் கையில் வைத்து, என் கைமேல் அவள் கையை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெஞ்சு தறிகெட்டு அடிக்க ஆரம்பித்தது. கைகால் உதறியது. தொண்டையில் எங்கோ ஒரு இழை விலகியது போலக் காற்று உள்ளே போனது. அப்புறம் இன்னும் கொஞ்சம். யாரோ ஒருத்தி, பழக்கதோஷத்தில், மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தண்ணிய ஊத்தாத... அறிவு கெட்ட..." என்றேன்.

"போர்மேன் வந்துட்டாருடி!" என்று அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் அழுதார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்காக நிற்கவில்லை. என்னை உட்கார விடாமல், வேன் தரையில் படுக்க வைத்து, கால்கள் இரண்டையும் சாப்பாட்டுக் கூடைகள் மேல் தூக்கி வைத்து, சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னொரு ஊசி, மூக்கில் ஆக்சிஜன், கையில் டிரிப். விஷம் அடங்கிய மாதிரி அடங்கி மறுபடியும் ஏறலாம் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். என் மனைவி வந்து என்னைப் பார்த்துவிட்டு, முதலில் அழுதாள், பிறகு முன் கண்ணாடியை ஏன் தூக்கிவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தாள். இருக்கன்குடிப் பயணம் தள்ளிப்போனது.

மறுநாள் காலையில் அவள் வந்தாள், பை எறிந்தவள். துவைத்துக் காயவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து என் பையைக் கொண்டுவந்திருந்தாள். கட்டில் பக்கம் வராமல் கதவோரமே நின்றாள்.

"வா ஆத்தா. உக்காரு" என்றேன். "நல்லா எறிஞ்ச போ. குட்டைக்கு நடுவுல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. தினம் நாலு வார்த்தை பேசாதவள், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னை ஏசினாள்.

"ஒங்களுக்குக் கூறு இருக்கா அண்ணாச்சி? பையத் தூக்கித் தண்ணியில போடு, தண்ணியில போடுன்னு வாரா வாரம் சொல்லீட்டு, அதுல போயி ஒங்க உசுர வச்சிருக்கீகளே! நீங்க சொல்லுவீகளே ஒரு ஆளு, சோடா குடிச்ச ஆளு, அவரு எங்க வீட்டுக்காரரு. சோடாவ வாங்கியாந்ததே வண்டியில பின்னால உக்காந்து வந்த நாந்தேன். அன்னைக்கு அந்தப் பையத் தூக்கிப் போட ஒரு ஆளு இல்ல. இந்தத் தடவ நான் இருந்தேன். தூக்கிப் போட்டேன். அதுலயும் ஆளக் கொல்லப் பாத்துட்டேனே!"

தழும்பு இருக்கிற கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தழும்பைக் கம்பெனியில் வாங்கியது என்றே நான் நினைத்திருந்தேன். எத்தனை திங்கட்கிழமை அவள் அந்த வேப்பமரத்தடியில் நின்று, தன் புருஷன் சாவதைக் கேட்டுவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து பதிலும் சொல்லியிருக்கிறாள்! என் மனைவிதான் எழுந்துபோய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போனேன். இப்போது ஊசி பையில் இல்லை. என் மனைவி பெல்ட் மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். வண்டி ஓட்டும்போது இடுப்பில் இருக்கும், கேட்டில் வாட்ச்மேன் கழுத்தில் தொங்கும். முன் கண்ணாடி என்ன புழுக்கமானாலும் மூடித்தான்.

திங்கட்கிழமை எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். குளவியைப் பற்றிச் சொன்னேன். ஊசியைத் தூக்கிக் காட்டி, எப்படிக் குத்த வேண்டும் என்று கத்தரிக்காயில் குத்திக் காட்டினேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதோடு, செருப்பு, போன், வளையல் எல்லாம் சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு, சரி, போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

யாரும் நகரவில்லை. இரண்டாவது வரிசையில் நின்றிருந்த அவள் என்னையே பார்த்தாள்.

"பையச் சொல்லலையே அண்ணாச்சி."

"அது இருக்கட்டும் ஆத்தா. எல்லாருக்கும் தெரியும்."

"இல்ல, சொல்லுங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர இங்கன வேற யாரு நெனைக்கா? நீங்க சொன்னாத்தேன் உண்டு."

எப்போதும் போல 'ஒரு ஆள்' என்று ஆரம்பிக்கவில்லை. அவளிடம் அவர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன்.